ஐம்பத்தாறு டன் கோதுமை

காலை ஆறு மணி. கோஸ்தனைக்கு அப்பால்
தானியக் கிடங்கின் எடைமேடையில்
ஒரு பழைய ஸில் லாரி ஏறி நின்றது.
திரை சொன்னது: 56764 கிலோ.

ஓட்டுநர் தொலெகென் இறங்கி
நாலு டயரையும் உதைத்துப் பார்த்தார்.
"இவ்வளவு ஏற்றியிருந்தால்
என் வண்டி இரண்டாய் ஒடிந்திருக்கும்.
ஆனால் சீட்டு அப்படியே போடு,
எனக்கு ஆட்சேபம் இல்லை."

என்னைக் கூப்பிட்டது அதனால்தான்.

கண்ணாடிக் கூண்டுக்குள் மாக்பால்,
இரண்டு ஸ்வெட்டர், விரல்நுனி வெட்டிய கையுறை.
இரவெல்லாம் அடுப்பு அணைந்தே கிடக்கும்,
கரி காலையில்தான் வரும்.
பொத்தானை அமுக்கினாள்.
விசிறி இருமி இருமிச் சுழன்றது.
முதல் வரியிலேயே தொடங்கிவிட்டது கோளாறு:
வெறுமையாய் இருக்கவேண்டிய இடமெல்லாம்
டாலர் குறி.
மேலிருந்து கீழ்வரை டாலர், டாலர், டாலர்.
"சம்பளம் மட்டும் தெங்கேயில்" என்றாள்.

எடைக்கு ரஷ்ய மொழியில் மூன்றெழுத்து: வெஸ்.
திரையில் நின்றதோ ஷெஹ்.
நடு எழுத்து ஒன்றுதான் பிழைத்திருந்தது.

எனக்கு முன் வந்தவர்கள் திரையை மாற்றினார்கள்,
இரண்டு முறை.
மாற்றப்பட்ட இரண்டும் மூலையில்
சுவரைப் பார்த்தபடி நிற்கின்றன,
செய்யாத குற்றத்துக்கு.
நான் வடத்தை மாற்றினேன்.
காரில் கொண்டுவந்த என் திரையை மாட்டினேன்,
அதிலும் அதே பணமழை.
அட்டையைப் பிடுங்கி அதன் மஞ்சள் பற்களை
ரப்பர் வைத்துத் தேய்த்தேன்.
ஒன்றுக்கும் அசையவில்லை.

அப்புறம்தான் சிகரெட் அட்டையின் பின்பக்கம்
எழுதிப் பார்க்கத் தோன்றியது.
பூஜ்யம் நாலாகிறது. ஒன்று ஐந்து.
இரண்டு ஆறு. மூன்று ஏழு.
எட்டு ஒரு காக்கைக்கால்.
ஒன்பது, இரண்டு கிடைக்கோடு.
நாலு முதல் ஏழு வரை மட்டும் ஒரு கீறலும் இல்லை:
ஏற்கெனவே நனைந்தவர்களுக்கு மழை என்ன செய்யும்.
ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டு சுவிட்ச்.
அதில் ஒன்று மட்டும்
குளிரில் மேலேயே மாட்டிக்கொண்டு
இறங்க மறுக்கிறது.

"கண்டுபிடித்தாயிற்றே,
இனி நாலைக் கழித்துப் படித்துக்கொள்கிறேன்" என்றாள் மாக்பால்.
முடியாது.
திரையில் ஐந்து இருந்தால்
அது ஐந்தாகவே பிறந்ததா, ஒன்றாகப் பிறந்ததா,
யாருக்குத் தெரியும்.

பேசாமல் பதிவேட்டை என் பக்கம் தள்ளினாள்.
மூன்று நாள் காலைக் கணக்கு.
திரையில் உள்ளதை எழுதவேண்டும் என்பது விதி.
எழுதியிருந்தாள்.
பூஜ்யமே இல்லாத பத்தொன்பது லாரிகள்.
காக்கைக்கால் வந்த இடத்தில் காக்கைக்கால்,
அடித்தல் திருத்தல் இல்லாமல்,
பள்ளிக்கூடக் கையெழுத்தில்.
"பொய் என்று தெரிந்தது.
ஆனால் எது உண்மை என்று என்னைக் கேட்டால்?"

உண்மை அவள் காலடியில் கிடந்தது.
அச்சுப்பொறி திரையைப் பார்ப்பதே இல்லை,
அதற்கு வேறு வழியில் போகிறது சேதி.
குப்பைக்கூடையில் கசங்கிய கார்பன் நகல்கள்:
12320. 9840. 11080.
ஒவ்வொன்றாய் நீவி அடுக்கினோம்.
பதினேழு கிடைத்தன.
இரண்டை அடுப்பு தின்றிருந்தது.

பெட்டியைத் திறந்தேன்.
அட்டையில் சின்னச்சின்ன நினைவுச் சில்லுகள்,
குழியில் செருகியவை.
சூடும் குளிரும் மாறி மாறி
வருஷக்கணக்காய் நெம்பியதில்
ஒன்று மயிரிழை மேலே எழும்பியிருந்தது.
கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.
'நறுக்.'
டாலர்கள் எல்லாம் போய்விட்டன.
கறுப்பு மட்டும். நடுவில் மூன்றெழுத்து.

"இதற்கா மூன்று திரை?" என்று
முதல்முறையாகச் சிரித்தாள்.
தொலெகெனுக்குத்தான் வருத்தம்.

போகும்போது என் நிவாவை மேடையில் ஏற்றச் சொன்னாள்.
ஜன்னலைத் தட்டி
காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள்: 1260.
திரையைத் திருப்பினாள்: 1260.
பிறகு கூண்டின் சின்னக் கதவைத் திறந்து,
மூச்சு புகையாய்ப் பறக்க,
"நாளைக்கு மைனஸ் பதினெட்டாம்" என்றாள்,
தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி.